கிளாரினெட்டில் பொறித்த பெயர்



நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவள். ஆனாலும் சில ஆண்டுகளாகப் பள்ளியின் காற்றிசைக் குழுவுக்கும் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். இணைப்பாட நடவடிக்கைப் பட்டியலில் ஆள் குறைந்த இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். இது எந்தப் பள்ளியில்தான் நடக்காது? அந்தப் பொறுப்பில் நான் செய்த ஒரு தவறிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவி ஒருத்தி சொந்தமாக ஒரு கிளாரினெட் கொண்டுவந்தாள். அவள் அப்பா யாரிடமோ பழையதாக வாங்கியது. கறுப்பு பிளாஸ்டிக் உடல். மேலே பொறித்திருந்த பெயரை எங்களில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மூத்த பிள்ளைகள் சிரித்தார்கள். "டீச்சர், இது பொம்மைக் கடையில விக்கிறது" என்றான் ஒருவன். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளை வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. அந்தப் பெயரை ஒருமுறை பார்த்துவிட்டு, "வேற ஒண்ணு பார்க்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

வகுப்பில் வாதக் கட்டுரைக்கு "முதலில் அளவுகோலைச் சொல், பிறகு தீர்ப்பைச் சொல்" என்று பாடம் நடத்துகிறவள் நான். அன்று அளவுகோலே இல்லாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அது மனத்தை உறுத்தியதால்தான் கிளாரினெட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்தக் கருவியைப் பெயரைப் பார்த்து எடைபோடும் பழக்கத்துக்கு ஏறக்குறைய முந்நூறு வயது. பெரிய பெரிய அறிஞர்களே அதில் தடுமாறியிருக்கிறார்கள்.

முதலில் கருவியைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். நமக்கு நாகஸ்வரம் தெரியும். அதன் உள்துளை மேலே குறுகி, கீழே போகப் போக விரியும். கூம்பு வடிவம். அதில் சட்ஜம் ஊதி, காற்றை அழுத்தினால் மேல் சட்ஜம் பேசும். கிளாரினெட்டின் உள்துளை பெரும்பகுதி ஒரே அகலமுள்ள உருளை. அதில் சட்ஜம் ஊதிப் பின்பக்க விசையைத் திறந்தால் மேல் சட்ஜம் வராது. அதையும் தாண்டி மேல் பஞ்சமத்துக்குப் போய்விடும். இடையில் ஒரு பெரிய பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கிளாரினெட்டுக்கு இத்தனை விசைகள், அதாவது நம் பிள்ளைகள் 'கீ' என்று சொல்லும் நெம்புகோல்கள், தேவைப்பட்டன. பள்ளத்தின் ஓரத்தில் இருக்கும் சுரங்களைத் தொண்டைச் சுரங்கள் என்பார்கள். அவற்றில் பி-ஃபிளாட் என்ற சுரம் கொஞ்சம் மங்கலாகவே ஒலிக்கும். ஸ்தாயி மாற்றுவதற்கென்று போட்ட சின்னத் துளையே இந்தச் சுரத்துக்கும் வேலை செய்ய வேண்டியிருப்பதுதான் காரணம். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை கொடுத்தால் என்னவாகும் என்று ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை! இந்தக் குறை மலிவான கருவியிலும் உண்டு, விலை உயர்ந்த கருவியிலும் உண்டு. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்து யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் என்று பாடநூல்கள் சொல்லும். அவர் 1655-ல் பிறந்து 1707-ல் இறந்தவர். அவரைக் கண்டுபிடிப்பாளர் என்று எழுதிவைத்தது 1730-ல் வெளிவந்த ஒரு நூல், அதாவது அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு. ஆனால் கிளாரினெட் என்ற சொல் வரும் பழைய ஆவணம் 1710-ஐச் சேர்ந்தது. அது அவருடைய மகன் யாக்கோப் டென்னரிடம் வாங்கிய கருவிகளின் கணக்கு. அப்பாவும் மகனும் ஒரே தொழில், ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர். யாருக்கு எவ்வளவு பெருமை சேர வேண்டும் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் எச்சரிக்கையாகத்தான் பேசுகிறார்கள். கருவியில் பொறித்த பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்குக் கிளாரினெட்டின் பிறப்பே சாட்சி.

இனி நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் 1812, பாரிஸ்.

அதற்கு முந்தைய தலைமுறையில், மோட்சார்ட் காலத்தில், பொதுவாகக் கிளாரினெட்டுக்கு ஐந்து விசைகள். பிறகு ஆறாவது வந்தது. இவ்வளவு குறைந்த விசைகளோடு எல்லாச் சுருதியிலும் சுத்தமாக வாசிக்க முடியாது. ஆகவே வாசிப்பவர் சி, பி-ஃபிளாட், ஏ என்று வெவ்வேறு சுருதியில் அமைந்த இரண்டு மூன்று கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலைவார். பாட்டு எந்தச் சுருதியோ அந்தக் கருவியை எடுப்பார். இன்றைய எஸ்டோனியாவின் தாலின் நகரில் 1786-ல் பிறந்த இவான் முல்லர் என்ற கிளாரினெட் கலைஞர் இதற்கு ஒரு வழி கண்டார். பதின்மூன்று விசைகள், துளைகளைக் காற்றுப் புகாமல் மூடும் பஞ்சடைத்த மெத்தை போன்ற பேடுகள், சுருதிக்கு ஏற்ற இடத்தில் போட்ட துளைகள். "இந்த ஒரு பி-ஃபிளாட் கருவி போதும், எல்லாச் சுருதியிலும் வாசிக்கலாம்" என்பதுதான் அவருடைய வாதம்.

அதைக் கன்சர்வத்வார் எனப்படும் பாரிஸ் இசைக் கல்லூரியின் முன் வைத்தார். ஐரோப்பாவிலேயே செல்வாக்கு மிகுந்த இசைக் கல்விக்கூடம் அது. அங்கே கிளாரினெட் பேராசிரியராக இருந்த லெஃபேவ்ர், ஆறு விசைக் கருவிக்கான பாடநூலை 1802-ல் எழுதியவர். கல்லூரி ஒரு குழுவை அமைத்துக் கருவியை ஆராய்ந்தது. தீர்ப்பு: ஏற்க முடியாது.

மாணவர்களே, இங்கே அவசரப்பட்டு "பழமைவாதிகள், புதுமையைக் கண்டு பயந்தவர்கள்" என்று எழுதிவிடாதீர்கள். குழு சொன்ன காரணத்தைக் கேளுங்கள். சி கிளாரினெட்டுக்கு ஒரு பளிச்சென்ற குரல், பி-ஃபிளாட்டுக்கு ஓர் உருக்கமான குரல், ஏ கிளாரினெட்டுக்கு இன்னொரு குணம். எல்லாவற்றுக்கும் ஒரே கருவி என்றாகிவிட்டால், இசையமைப்பாளர்கள் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தும் இந்த வண்ண வேறுபாடுகள் போய்விடும் என்றார்கள். இது முட்டாள்தனமான பேச்சா? இன்றைக்கும் சிம்பொனி இசைக்குழுவின் கிளாரினெட் கலைஞர் பி-ஃபிளாட், ஏ என்று இரண்டு கருவிகளோடுதான் மேடைக்கு வருகிறார். விரலமைப்பின் வசதி அதற்கு ஒரு காரணம், குரல் வேறுபாடு இன்னொரு காரணம். அந்த அளவில் குழுவின் கவலை பொய்யாகவில்லை.

அப்படியென்றால் தவறு எங்கே? முல்லர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் கலந்திருந்தன. ஒன்று, விசைகளும் பேடுகளும் துளைகளும் முன்பைவிட நன்றாக வேலை செய்கின்றன என்பது. இரண்டு, இனி ஒரே கருவி போதும் என்பது. குழு இரண்டாவதை மறுப்பதற்காக முதலாவதையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. மிகையான விளம்பரத்தின் மேல் வந்த கோபத்தில் நல்ல சரக்கையும் ஒதுக்குவது போல. இதில் முல்லருக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. "இது மேம்பட்ட கருவி" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவருக்குக் கிடைத்த பதில் வேறாக இருந்திருக்கலாம்.

அவருடைய பட்டறை நொடித்துப்போனது. ஆனால் கருவி சாகவில்லை. அதே பாணிக் கிளாரினெட்டுகள் சில பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் பல நாடுகளில் பரவின. முல்லர் 1854-ல் இறந்தார். இன்று ஜெர்மனியில் வாசிக்கப்படும் கிளாரினெட்டின் பரம்பரையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் அந்தப் பதின்மூன்று விசைக் கருவியில்தான் போய் நிற்கும்.

அதே பாரிஸ் கல்லூரியில் பின்னாளில் பேராசிரியரான இயாசாந்த் க்ளோசே, லூயி-ஓகஸ்ட் புஃபே என்ற கைவினைஞரோடு சேர்ந்து வேறொரு அமைப்பை உருவாக்கினார். துளைகளைச் சுற்றி நகரும் வளையங்கள், பதினேழு விசைகள். 1839-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள்; 1840களில் காப்புரிமை பெற்றார்கள். இன்று உலகில் பெரும்பாலான பள்ளிக் குழுக்களில், நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளையும் சேர்த்து, பிள்ளைகள் கையில் இருப்பது இந்த அமைப்புதான். அதற்குப் பெயர் என்ன? 'போம் அமைப்பு'. தியோபால்ட் போம் என்பவர் மியூனிக் நகரத்துப் புல்லாங்குழல் கலைஞர். புல்லாங்குழலில் அவர் கொண்டுவந்த வளைய விசை யோசனையைத்தான் க்ளோசேயும் புஃபேயும் கிளாரினெட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். போம் இந்தக் கிளாரினெட்டை வடிவமைக்கவில்லை. ஆனாலும் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது.

பெயர்க் குழப்பம் இதோடு முடியவில்லை. இன்று கிளாரினெட் என்றதும் பலர் முதலில் சொல்லும் நிறுவனம் புஃபே கிராம்போன். அதைத் தொடங்கியவர் தெனி புஃபே-ஓஜே, 1825-ல், பாரிஸில். அவர் மகன் கிராம்போன் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். இரண்டு குடும்பப் பெயர்களும் சேர்ந்து நிறுவனத்தின் பெயரானது. க்ளோசேயோடு வேலை செய்த லூயி-ஓகஸ்ட் புஃபே, தெனியின் தம்பி. அவர் தனியாகத் தொழில் நடத்தியவர். ஆக, "போம் கிளாரினெட்டைச் செய்தது புஃபே" என்று ஒருவர் சொன்னால் அது உண்மைதான். ஆனால் எந்தப் புஃபே என்று கேட்க வேண்டும். ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு கடை இருந்தால், "நான் அந்தக் கடையில வாங்கினேன்" என்பதற்கு என்ன அர்த்தம் சொல்லுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இன்னொரு வகைத் தீர்ப்பு வந்தது. அது பதக்கம். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி நடத்திய மாபெரும் பொருட்காட்சியில் இசைக்கருவிகளுக்கென்று தனி நடுவர் குழு இருந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் அதில் ஒருவர். போமின் புல்லாங்குழலுக்கும், சாக்சபோனைக் கண்டுபிடித்த அடால்ஃப் சாக்ஸின் கருவிகளுக்கும் உயர் பதக்கங்கள் கிடைத்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாட்டிலும் கண்காட்சி, ஒவ்வொரு கண்காட்சியிலும் பதக்கம். பதக்கம் வாங்கிய நிறுவனங்கள் அதன் விவரத்தைக் கருவியிலும் விலைப்பட்டியலிலும் பொறித்துக்கொண்டன. நடுவர்கள் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் பார்த்தது காட்சிக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த சில கருவிகள். கடையில் நீங்களும் நானும் வாங்குவது அந்தக் கருவிகளை அல்ல. தேர்வுக்கு வந்த ஒரு மாணவனின் விடையை வைத்து வகுப்பு முழுவதற்கும் மதிப்பெண் போடுவது போன்றது இது.

இன்னொரு பக்கம், பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் லா கூத்தூர்-புசே என்று ஒரு கிராமம். மரத்தில் காற்றுக்கருவி செய்வது அங்கே பரம்பரைத் தொழில். நம்மூர் நரசிங்கம்பேட்டைக்கு நாகஸ்வரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நோப்ளே, திபூவீல், லெப்ளாங்க் என்று பல பெயர்கள் அந்த வட்டாரத்தோடு தொடர்புள்ளவை. அப்படிப்பட்ட பட்டறைகளில் செய்த கருவிகள் எல்லாம் செய்தவர் பெயரோடு வெளியே போகவில்லை. வாங்கிய வணிகர் தன் பெயரைப் பொறித்து விற்பது வழக்கமாக இருந்தது. ஆகவே யாருமே கேள்விப்படாத பெயருள்ள ஒரு பழைய கிளாரினெட் கைதேர்ந்த பட்டறையில் பிறந்ததாக இருக்கலாம். மட்டமானதாகவும் இருக்கலாம். பெயரிலிருந்து இரண்டையும் ஊகிக்க முடியாது என்பதுதான் விஷயம்.

'எது சிறந்தது' என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லாமல் போனதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. நல்ல ஒலி எது என்பதிலேயே நாடுகள் ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியில் ஆஸ்கர் ஓலர் என்பவர், தாமே இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தவர், பெர்லினில் கருவி செய்யத் தொடங்கி முல்லர் வழியை மேலும் நுட்பமாக்கினார். இன்றுவரை பெர்லின், வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுக்கள் ஜெர்மன் வழிக் கருவிகளைத்தான் வாசிக்கின்றன. பிரசெல்ஸ் நகரத்து யூஜீன் ஆல்பர்ட்டின் பெயரால் அழைக்கப்படும் எளிய அமைப்பு, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பழைய ஜாஸ் கலைஞர்கள் கையில் புதுவாழ்வு பெற்றது. பாரிஸ் கல்லூரி ஆசிரியர் பார்த்தால் காலாவதியான கருவி என்று சொல்லியிருப்பார். சிட்னி பெஷே அதில்தான் வாசித்தார்.

நம் பக்கத்துக்கு வந்தால், நட்டுவாங்கத்தோடு சதிர்க் கச்சேரிகளில் ஒலித்த கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் போன்றவர்கள் முழுக் கர்நாடகக் கச்சேரிக் கருவியாக உயர்த்தினார்கள். 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று அவரைச் சொல்வார்கள். கமகத்துக்கு விரல் துளையின் மேலேயே வழுக்கிப் போக வேண்டும். அந்த வேலைக்கு இருபது விசைகள் இருப்பது பெருமையே இல்லை, சில நேரம் இடைஞ்சல்தான். மேற்கத்திய நடுவர் 'முன்னேற்றம்' என்று மதிப்பெண் போடும் இடத்தில் நம் வித்துவான் 'தேவையில்லை' என்று சொல்லக்கூடும். இருவரும் அவரவர் அளவில் சரிதான்.

இங்கிலாந்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பூசி அண்டு ஹாக்ஸ் நிறுவனத்தின் '1010' என்ற கிளாரினெட்டை ஃபிரெடெரிக் தர்ஸ்டன், ஜாக் பிரைமர் போன்ற பெரிய கலைஞர்கள் வாசித்தார்கள். அதன் உள்துளை அகலம் சுமார் 15.2 மில்லிமீட்டர். பிரெஞ்சுக் கருவிகளில் 14.6, 14.7 என்று நிற்கும். அரை மில்லிமீட்டர் வித்தியாசம், நகத்தின் தடிமன்தான்! ஆனால் அந்த ஆங்கிலக் கருவிக்கு அதற்கென்றே செய்த அகலமான வாய்ப்பகுதி வேண்டும். ஒரு பிரெஞ்சு வாய்ப்பகுதியை மாட்டி வாசித்தால் சுருதி அங்கங்கே விலகும். அப்படி வாசித்துப் பார்த்துவிட்டு "பழைய இங்கிலீஷ் கருவி சுருதியே சேராது" என்று ஒருவர் சொன்னால், அவர் கருவியைச் சோதிக்கவில்லை, பொருந்தாத இரண்டு துண்டுகளைச் சோதித்திருக்கிறார்.

அதே நிறுவனம் 'எட்ஜ்வேர்', 'ரீஜென்ட்' என்ற பெயர்களில் தொடக்கநிலை மாணவர்களுக்கான கருவிகளையும் விற்றது. முகப்பில் ஒரே நிறுவனத்தின் பெயர். உள்ளே வேறு வேலைப்பாடு, வேறு விலை, வேறு நோக்கம். புஃபே கிராம்போனிலும் இதே கதைதான். 1950களில் ரொபேர் கரே வடிவமைத்த 'ஆர்13' அமெரிக்க இசைக்குழுக்களில் ஏறக்குறைய எழுதப்படாத விதியாகவே ஆனது. அதே பெயர் தாங்கிய 'பி12' என்ற பிளாஸ்டிக் மாணவர் கருவி ஜெர்மனியில் தயாரானது. "எங்க பிள்ளைகிட்ட இருக்கிறது புஃபே" என்று பெருமைப்படும் பெற்றோரிடம் "எந்த மாடல்?" என்று கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஜப்பானின் யமஹா 1887-ல் ஹமமட்சுவில் ரீட் ஆர்கனோடு தொடங்கியது. பள்ளிகளுக்கு உறுதியான பிளாஸ்டிக் கிளாரினெட் தருகிற அதே நிறுவனம், வியன்னா கலைஞர்களோடு சேர்ந்து வியன்னா பாணிக் காற்றுக்கருவிகளையும் செய்திருக்கிறது. அதை 'மாணவர் பிராண்டு' என்று ஒரே சொல்லில் முடிப்பது நியாயமா?

"பிளாஸ்டிக்னா மட்டம், மரம்னாதான் நல்லது" என்ற பேச்சையும் பார்த்துவிடுவோம். நல்ல கிளாரினெட்டுக்கு மரபாகப் பயன்படுவது தான்சானியா, மொசாம்பிக் காடுகளில் வளரும் ஆப்பிரிக்கக் கறுப்பு மரம். அங்கே அதை 'ம்பிங்கோ' என்கிறார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. கருங்காலி என்று நினைக்காதீர்கள். இது ஈட்டி மரத்தின் உறவு. மெதுவாக வளர்வது, தட்டுப்பாடு வேறு. 2017 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடும் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மரத்தூளையும் கார்பன் இழையையும் கலந்து வார்த்த உடலோடு புஃபே கிராம்போனே 1990களில் 'கிரீன்லைன்' கருவிகளை வெளியிட்டது.

மரம் ஒலியை மாற்றுகிறதா? கிளாரினெட்டின் அண்டை வீட்டுக்காரரான புல்லாங்குழலில் ஒரு நல்ல சோதனை நடந்தது. ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் ஆகிய மூன்றிலும் ஒரே அளவில் குழல் செய்து, பார்க்க முடியாதபடி வாசிக்க வைத்தார். கேட்டவர்களால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு, எடையைக் கையால் உணர முடியாதபடி குழல்களைச் சுழலும் தண்டில் பொருத்தி வாசித்தவர்களையே கேட்டார். அவர்களாலும் முடியவில்லை. 1971-ல் இதை வெளியிட்டார். வயலினிலும் இப்படி ஒன்று உண்டு. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களைக் கண்ணை மறைக்கும் கண்ணாடி அணிய வைத்து, மூன்று புதிய வயலின்களையும் மூன்று பழைய இத்தாலிய வயலின்களையும் கொடுத்தார்கள். பழையதில் ஸ்ட்ராடிவாரியும் உண்டு. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்காமல் இருக்க வாசனைத் தைலம்கூடத் தடவினார்களாம்! வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது 13 பேர் புதியதைத்தான் எடுத்தார்கள்.

இதை வைத்து "எல்லாக் கருவியும் ஒன்றுதான்" என்று தாவிவிடக் கூடாது. கோல்ட்மன் ஒரே அளவில் செய்த குழல்களைத்தான் ஒப்பிட்டார். உள்துளையின் அளவும், துளைகளின் இடமும் ஓரமும், பேடு காற்றை அடைக்கும் விதமும் மாறினால் ஒலியும் சுருதியும் மாறும். மலிவான கருவிகளில் பலவும் தோற்பது அங்கேதான். விசைக்குப் போடும் உலோகம் மென்மையாக இருந்தால் ஆறு மாதத்தில் வளையும், பிறகு எந்தப் பேடும் சரியாக உட்காராது. மரமும் சும்மா இல்லை. குளிர்சாதன அறையிலிருந்து நம் ஊர் வெயிலுக்கு எடுத்துப் போனால் வெடிக்கக்கூடும். தேசிய தின ஒத்திகைக்குத் திறந்த வெளியில் நிற்கப்போகும் பிள்ளைக்கு நான் பிளாஸ்டிக்கைத்தான் சொல்வேன்.

சரி, என் மாணவியின் கதைக்கு வருகிறேன். இதையெல்லாம் படித்த பிறகு அவளைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் வாசிக்கச் சொல்லாம பேசினது தப்பும்மா" என்றேன். பிறகு கருவிகளைப் பழுதுபார்க்க வருகிறவரிடம் அதைக் காட்டினோம். இரண்டு பேடுகளில் காற்றுக் கசிவு, ஒரு தக்கை இல்லை. மாற்றிக் கொடுத்தார். அதற்கான செலவு புதுக் கருவியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் கோல்ட்மன் மாதிரி நாங்களும் ஒரு சோதனை செய்தோம். மூன்று கிளாரினெட்டுகள்: அவளுடையது, பள்ளியின் மாணவர் கருவி ஒன்று, மூத்த மாணவர் ஒருவரின் விலை உயர்ந்த மரக் கருவி. மூன்றுக்கும் ஒரே வாய்ப்பகுதி, ஒரே ரீடு, ஒரே ஆள். ரீடு என்பது நாகஸ்வரத்துச் சீவாளி போல. அதை மாற்றினாலே குரல் மாறிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அந்த வாய்ப்பகுதி மூன்றுக்குமே பொருந்துகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொண்டோம். திரைக்குப் பின்னால் ஒரே ராகமாலை போல ஒரே பயிற்சி வரிசை, மூன்று முறை, வரிசையை மாற்றி மாற்றி. மற்றவர்கள் எண்ணை மட்டும் எழுதினார்கள். முடிவைப் பிரித்துப் பார்த்தபோது, அன்று பொம்மைக் கடை என்று சொன்னவனே இரண்டு முறை அவளுடைய கருவியைத்தான் மரம் என்று எழுதியிருந்தான்.

ஆனால் அதோடு முடிக்கவில்லை. சுருதி பார்க்கும் கருவியை வைத்து ஒவ்வொரு சுரமாகச் சோதித்தோம். அவளுடைய கிளாரினெட்டில் மேல் ஸ்தாயியில் இரண்டு சுரங்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே நின்றன. வாசிப்பவர் உதட்டால் சமாளிக்க வேண்டியிருந்தது. தொண்டைச் சுரம் மங்கலாக இருந்தது. அது மூன்றிலுமே அப்படித்தான் என்பதால் அதை அவள் கருவியின் குறையாக எழுதவில்லை. விசைகளின் உலோகம் மற்ற இரண்டையும்விட மென்மை என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். கற்றுக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டு தாராளமாகப் போதும், இளையர் விழாவில் தனியாக வாசிக்க வேண்டுமென்றால் பள்ளிக் கருவியை எடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. 1812 தீர்ப்பை வகுப்பில் வாதக் கட்டுரைப் பயிற்சிக்கு நான் பயன்படுத்துகிறேன். மாணவர்களைக் குழுவாகவும் முல்லராகவும் பிரித்துவிட்டு, முதலில் இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் ஒரு கருத்தை எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி கிடைக்கத்தான் அதிக நேரம் ஆகும். பிறகு ஒவ்வொரு பக்கமும் எந்த அளவுகோலை வைத்துப் பேசுகிறது என்று கேளுங்கள். 'தரம்' என்ற சொல்லை ஒரே பத்தியில் விலைக்கும் ஒலிக்கும் உழைப்புக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருந்தால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். என் வகுப்பில் முதல் முறை செய்தபோது அடிக்கோடு இல்லாத தாள் ஒன்றுகூட இல்லை.

அந்த மாணவி இப்போது உயர்நிலை நான்கில் இருக்கிறாள். போன மாதம் அந்தக் கிளாரினெட்டை உயர்நிலை ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்குக் கொடுத்தாள். பெட்டிக்குள் அவள் கைப்பட எழுதிய ஒரு சீட்டு இருந்தது: "பேடு மாத்தியாச்சு. மேல ரெண்டு சுரம் ஏறும், உதட்டைக் கொஞ்சம் தளர்த்து. தொண்டைச் சுரம் மங்கலா இருக்கும், பயப்படாதே, எல்லாத்துலயும் அப்படித்தான். வலது பக்கக் கீழ் கீயை அழுத்திப் பிடிக்காதே, வளையும்." பிராண்டின் பெயரை அவள் எழுதவே இல்லை.